பட்டம் மட்டும் போதுமா? மருத்துவர் தகுதியும் நடத்தையும்: வாசகர் கேள்வி – பதில்

மருத்துவமனைகள் தங்கள் மருத்துவர்களின் தகுதியை எவ்வாறு சரிபார்க்க வேண்டும், மருத்துவர் ஒருவரின் நடத்தை பிசகும்போது யார், என்ன செய்ய வேண்டும் என்பன குறித்து வந்த கடிதங்களில் ஐந்து இம்முறை எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒரு மருத்துவமனையின் தகுதிச் சரிபார்ப்புக் குழுவில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் தந்தைக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று தனியார் மருத்துவமனை ஒன்றில் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவரின் பெயருக்குப் பின்னால் ஏகப்பட்ட எழுத்துகள் உள்ளன. எது பட்டம், எது குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழ் என்று விளங்கவில்லை. நேரில் கேட்டால் அவர் மனம் வருந்துவாரோ என்று தயக்கமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தயங்காமல் கேளுங்கள். மருத்துவத் தொழில் நடத்தைக்கான 2002ஆம் ஆண்டு விதிமுறைகளே இன்றும் நடைமுறையில் உள்ளன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட புதிய விதிமுறைகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டுவிட்டன. 2002ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு மருத்துவரும் தம்முடைய பதிவு எண்ணைச் சிகிச்சை அறையிலும், மருந்துச் சீட்டு, சான்றிதழ், கட்டண ரசீது ஆகியவற்றிலும் காட்டியாக வேண்டும். தந்தையின் மருந்துச் சீட்டில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கொண்டு தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்திலோ, தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்திலுள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டிலோ அவருடைய பெயரைத் தேடலாம்.

எம்.எஸ்., எம்.டி., டி.என்.பி., எம்.சிஎச். போன்றவை முறையான மேற்படிப்புகள். அவற்றைக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சில நாள் அல்லது சில மாதப் பயிற்சிக்கு வழங்கப்படும் சான்றிதழ்கள் பயனற்றவை என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் தம்மைச் சிறப்பு மருத்துவர் என்று சொல்லிக்கொள்ள விதிகள் இடம் தருவதில்லை. பதிவேட்டில் மேற்படிப்பு ஏறியிருக்கவில்லை என்பதாலேயே மருத்துவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பதிவேடு சில வேளை தாமதமாகப் புதுப்பிக்கப்படுகிறது. கூடுதல் தகுதிப் பதிவுச் சான்றிதழின் நகலை மருத்துவமனையில் கேட்டால் ஐயம் தீர்ந்துவிடும்.

பட்டத்தைவிட முக்கியமான மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். இதே அறுவையை இதே மருத்துவமனையில் இவர் வழக்கமாகச் செய்கிறாரா, மயக்க மருந்து கொடுப்பவர் யார், அறுவை முடிந்த இரவு தந்தையைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவர் யார்? சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றை நோயாளிக்கு விளக்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது உங்கள் உரிமைக்கு உட்பட்டதே. நல்ல மருத்துவர்கள் இக்கேள்விகளுக்கு வருந்துவதில்லை.

கேள்வி: அறுபது படுக்கைகள் கொண்ட எங்கள் மருத்துவமனையில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். புதிதாக வரும் மருத்துவர்களிடம் சான்றிதழ் நகல்களை வாங்கிக் கோப்பில் வைக்கிறோம். மருத்துவமனைகளின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றபோது இது போதாது என்றார்கள். வேறு என்ன செய்ய வேண்டும்? எங்களிடம் வரும் அறுவை மருத்துவர்களில் பெரும்பாலோர் விசிட்டிங் கன்சல்டன்ட்டுகள். அவர்களுக்கும் இது பொருந்துமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: விசிட்டிங் மருத்துவர்களுக்குத்தான் முதலில் பொருந்தும். மருத்துவர் நிரந்தர ஊழியரா, அவ்வப்போது வந்துபோகிறவரா என்பது நோயாளியைப் பொறுத்தவரை வேறுபாடே அல்ல என்றும், யாரை அழைத்து வந்தாலும் பொறுப்பு மருத்துவமனையையே சேரும் என்றும் சவிதா கர்க் வழக்கில் 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. "அவர் எங்கள் ஊழியர் இல்லை" என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடாது.

நீங்கள் இப்போது செய்துவருவது சான்றிதழ் சேகரிப்பு. சரிபார்ப்பு என்பது அந்தச் சான்றிதழை வழங்கிய பல்கலைக்கழகத்திடமும் கவுன்சிலிடமும் நீங்களே நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொள்வது. மருத்துவர் கொண்டுவரும் நகலோ, அவர் காட்டும் அசலோ அதற்கு ஈடாகாது. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இணையான படிப்பை முடித்து வந்தவர் என்றால் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வில் தேறியவரா, தற்காலிகப் பதிவோடு நிற்கிறாரா, நிரந்தரப் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். இரவுப் பணிக்கு அவசரமாக ஆள் தேடும்போது சிறிய மருத்துவமனைகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பதிவில்லாமல் மருத்துவம் பார்ப்பவருக்குத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டையும் விதிக்கிறது. அவரை வேலைக்கு வைத்துக்கொண்ட மருத்துவமனையின் பெயர் அதற்குப் பிறகு ஊரில் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பணி வரலாற்றில் ஆறு மாதம், ஓராண்டு என்று இடைவெளி இருந்தால் அதற்கு எழுத்தில் விளக்கம் பெறுங்கள். மகப்பேறு, உடல்நலக் குறைவு, தேர்வுக்கான தயாரிப்பு என்று நேர்மையான காரணங்கள்தாம் பெரும்பாலும் இருக்கும். ஆயினும் கேட்காமல் விடக் கூடாது. முன்பு பணியாற்றிய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசும்போது மனிதவளப் பிரிவோடு நிறுத்திக்கொள்ளாமல் அங்குள்ள மயக்க மருந்து நிபுணரிடமும் தியேட்டர் பொறுப்புச் செவிலியரிடமும் பேசுங்கள். அறுவை மருத்துவரின் கைத்திறனும் நிதானமும் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

இதில் அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள பண்டபெர்க் அரசு மருத்துவமனையில் நடந்ததை நம் ஊர் நிர்வாகிகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு அங்கே ஜெயந்த் படேல் என்ற அறுவை மருத்துவர் பணியில் சேர்ந்தார். குஜராத்தில் படித்து அமெரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். அமெரிக்காவின் ஒரிகன் மாநில மருத்துவ வாரியம் 2000ஆம் ஆண்டிலேயே கல்லீரல், கணையம் சார்ந்த சில அறுவைகளைச் செய்ய அவருக்குத் தடை விதித்திருந்தது. மறு ஆண்டு நியூயார்க் மாநில உரிமத்தையும் அவர் ஒப்படைத்துவிட்டார். குயின்ஸ்லாந்துக்கு வந்து சேர்ந்த உரிமச் சான்றில் அவர் மீது பகிரங்க ஆணை ஒன்று இருப்பதற்கான குறிப்பு இருந்தது. அதன் இணைப்புத் தாள் மட்டும் இல்லை. இணைப்பு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. 2005ஆம் ஆண்டு ஒரு பத்திரிகையாளர் இணையத்தில் அவர் பெயரைத் தேடியபோதுதான் இவையெல்லாம் ஊரறிய வெளிவந்தன.

என்னை இன்றும் உலுக்குவது அதே வரலாற்றின் இன்னொரு பகுதி. அந்த மருத்துவமனையில் ஒரு மருத்துவர் எந்தெந்த அறுவைகளைச் செய்யலாம் என்று முடிவு செய்யக் குழு ஒன்று இருந்தாக வேண்டும் என்பது விதி. படேல் அங்கிருந்த சுமார் இரண்டு ஆண்டுக் காலத்தில் அவருடைய தகுதியை எந்தக் குழுவும் கூடி ஆராயவே இல்லை. அவர் உணவுக்குழாயை அகற்றும் பெரிய அறுவைகளைச் செய்தார். செயற்கைச் சுவாசக் கருவியில் நோயாளியை ஓரிரு நாள்களுக்கு மேல் வைத்துப் பராமரிக்க இயலாத சிறிய தீவிர சிகிச்சைப் பிரிவுதான் அங்கிருந்தது. கைதேர்ந்த அறுவை மருத்துவரே வந்திருந்தாலும் அந்த அறுவையை அந்த இடத்தில் செய்ய அனுமதித்திருக்கக் கூடாது. (நோயாளிகளின் மரணத்துக்குக் காரணமானார் என்று பின்னாளில் அவர் மீது வந்த குற்றத் தீர்ப்புகளை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2012இல் ரத்து செய்தது; மறைத்துப் பதிவு பெற்றது தொடர்பான மோசடிக் குற்றங்களை 2013இல் அவர் ஒப்புக்கொண்டார்.)

ஆகவே உங்கள் அடுத்த வேலை, மருத்துவமனைகளில் பிரிவிலேஜ் என்று சொல்லப்படும் செயல் அனுமதிப் பட்டியலைத் தயாரிப்பது. என்.ஏ.பி.எச். எதிர்பார்ப்பதும் இதைத்தான். "பொது அறுவை மருத்துவர்" என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடாதீர்கள். குடல்வால் அகற்றல், குடலிறக்கம், லேப்ராஸ்கோப்பி வழிப் பித்தப்பை அகற்றல், தைராய்டு என்று ஒவ்வொன்றாக எழுதி, தனியாகச் செய்யலாம், மூத்தவர் உடனிருக்கச் செய்யலாம், இங்கே செய்யக் கூடாது என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு அனுமதிக்கும் முன்பு, அதற்கான கருவி, ரத்த வங்கி வசதி, இரவுப் பணியாளர் நம்மிடம் இருக்கின்றனரா என்று குழு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக வருபவரின் தொடக்க அறுவைகள் சிலவற்றை அதே துறை மூத்தவர் ஒருவர் உடனிருந்து பார்த்து எழுத்தில் கருத்துத் தரட்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பியுங்கள். அப்போது அவருடைய நோயாளிகளில் மறு அறுவைக்கு ஆளானவர்கள், கிருமித் தொற்று ஏற்பட்டவர்கள், எதிர்பாராமல் ஐ.சி.யு.வுக்கு மாற்றப்பட்டவர்கள் ஆகியோரின் கேஸ் ஷீட்டுகள் குழுவின் மேசையில் இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். மனிதவளப் பிரிவின் அலமாரியில் பூட்டிவைத்தால் அதனால் யாருக்கும் பயனில்லை. இரவு பதினொரு மணிக்கு ஒரு நோயாளியை அறுவைக்கு எடுக்கும்போது தியேட்டர் செவிலியர் புரட்டிப் பார்க்கும் இடத்தில் அது இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத அறுவை என்றால் மருத்துவக் கண்காணிப்பாளரை அழைத்துக் கேட்கும் அதிகாரம் அச்செவிலியருக்கு எழுத்தில் தரப்பட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டதற்காக மறுநாள் அவரை யாரும் கடிந்துகொள்ளாதபடி நிர்வாகம் துணை நிற்க வேண்டும். உயிர் காக்கும் அவசரத்தில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. அந்த விலக்கையும் காரணத்தோடு பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: இருபது ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். எங்கள் மருத்துவமனைக்கு அதிக நோயாளிகளைக் கொண்டுவரும் மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் தியேட்டரில் கருவிகளை வீசி எறிகிறார். எல்லோர் முன்னிலையிலும் தகாத சொற்களால் திட்டுகிறார். இரவில் அழைத்தால் எரிந்து விழுகிறார் என்பதால் இளம் செவிலியர்கள் அவரை அழைக்கவே அஞ்சுகிறார்கள். நிர்வாகத்திடம் சொன்னால், "அவர் சுபாவம் அப்படி, அனுசரித்துப் போங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது, இளம் செவிலியர்கள் அவரை அழைக்க அஞ்சுகிறார்கள் என்ற வரி. அதை மனத்தாங்கல் விவகாரமாகப் பார்க்கக் கூடாது. அது நோயாளியின் உயிர் சார்ந்தது. மிரட்டும் நடத்தை மருத்துவப் பிழைகளுக்கும் நோயாளிக்கு நேரும் தீங்குக்கும் வழிவகுக்கிறது என்று அமெரிக்காவின் மருத்துவமனை அங்கீகார அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2008ஆம் ஆண்டே எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டு, ஒவ்வொரு மருத்துவமனையும் நடத்தை விதித் தொகுப்பு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அனுசரித்துப் போகச் சொல்லும் நிர்வாகம், அந்த ஆபத்தை நோயாளியின் தலையில் ஏற்றிவைக்கிறது.

இனி எழுதத் தொடங்குங்கள். "மிக மோசமாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயமாகவே போய்விடும். இப்படி எழுதுங்கள்: "செவ்வாய் இரவு 11.40 மணிக்கு எட்டாம் எண் படுக்கை நோயாளியின் ரத்த அழுத்தம் 80/50 என்று தொலைபேசியில் தெரிவித்தேன். காலையில் பார்க்கலாம் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். 12.10க்கு மீண்டும் அழைத்தேன், எடுக்கவில்லை. 12.15க்கு டியூட்டி டாக்டரிடம் தெரிவித்தேன். அவர் வந்து பார்த்து ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்." தேதி, நேரம், சொன்ன சொல், நோயாளிக்கு நேர்ந்தது, உடனிருந்தவர் – இவை இருந்தால் அக்குறிப்பை யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நோயாளியின் நிலையையும், நீங்கள் அழைத்த நேரங்களையும் கேஸ் ஷீட்டில் பதிவு செய்யுங்கள். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரை அதில் எழுதாமல் தனி அறிக்கையாக நர்சிங் சூப்பரின்டென்டென்ட் வழியே மருத்துவக் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். தனியொருவராக இல்லாமல் நேரில் கண்ட இருவர் மூவர் சேர்ந்து எழுதினால் பழிவாங்கலும் கடினமாகும். திட்டும் சொற்கள் பாலியல் தன்மை கொண்டவை என்றால் பாதை வேறு: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள்.

முன் பதிலில் சொன்ன பண்டபெர்க்கில் ஆபத்தை முதலில் உணர்ந்து விடாமல் சொன்னவர், தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்புச் செவிலியரான டோனி ஹாஃப்மன். நிர்வாகத்திடம் பல முறை சொன்னார். 2004இல் எழுத்தில் கொடுத்தார். அதை ஆளுமை மோதலாகக் கருதினார்கள். 2005 மார்ச் மாதம் அவர் தம் தொகுதி உறுப்பினரிடம் சென்றார்; அவர் அதை மாநில நாடாளுமன்றத்தில் எழுப்பினார்; அதன் பிறகே விசாரணை வந்தது. அந்தச் செவிலியர் தேதியிட்டு எழுதிவைத்திருந்த குறிப்புகள் விசாரணையில் சான்றுகளாயின.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. முதல் சம்பவத்திலேயே, இப்படி நடந்துகொள்பவர் மதிக்கும் மருத்துவர் ஒருவர் அவரோடு தனி அறையில் அமர்ந்து, மரியாதையோடு, நடந்ததைச் சொல்லிக் கேட்டால் பாதிக்கும் மேற்பட்டவர்கள் திருந்திவிடுவதை என் பணிக் காலத்தில் கண்டிருக்கிறேன். சிலர் தூக்கமின்மையிலோ, மதுப் பழக்கத்திலோ, மனச்சோர்விலோ சிக்கியிருப்பார்கள். அவர்களை அறுவைப் பணியிலிருந்து விடுவித்துச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். வருமானத்தைக் காரணம் காட்டிப் பத்து ஆண்டு காத்திருந்தால் பிறகு பேசிப் பயனிருக்காது.

கேள்வி: நான் ஓர் இளம் எலும்பு அறுவை மருத்துவர். தேவையற்ற ஸ்கேன் எழுதச் சொல்லி நிர்வாகம் தந்த இலக்கை ஏற்க மறுத்தேன். சில வாரங்களில், "நடத்தை சரியில்லை" என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு என் அறுவை அனுமதியை நிறுத்திவிட்டார்கள். இது முறையா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: நீங்கள் எழுதியுள்ளபடிதான் நடந்தது என்றால் முறையே அல்ல. நடத்தை விதி என்னும் கருவி, வாயை அடைக்கும் கருவியாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தின் அஸ்டோரியா என்ற சிற்றூரில், தங்கள் மருத்துவக் குழுவில் சேர மறுத்துத் தனியே தொழில் தொடங்கிய அறுவை மருத்துவர் ஒருவரைத் தகுதி ஆய்வு என்ற பெயரில் வெளியேற்ற அவருடைய போட்டியாளர்களே முயன்றார்கள். அவர் தொடுத்த வழக்கில் 1988ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1986இல், அங்கே ஒரு சட்டம் வந்தது: நல்லெண்ணத்தோடு, முன்னறிவிப்பும் விசாரணையும் தந்து தகுதி ஆய்வு செய்வோருக்கு மட்டுமே இழப்பீட்டு வழக்கிலிருந்து பாதுகாப்பு என்பது அதன் சாரம்.

நம் நாட்டில் தனியார் மருத்துவமனையில் உங்களுக்குக் கைகொடுப்பவை பணி ஒப்பந்தமும், மருத்துவமனையே எழுதிவைத்துள்ள விதிகளும், குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்னும் இயற்கை நீதிக் கோட்பாடும். எந்தச் சம்பவம், எந்த நோயாளி, எந்த விதி மீறப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பதிலைக் கேட்கும் குழுவில் உங்கள் துறையைச் சேர்ந்த, உங்களோடு தொழில் போட்டி இல்லாத ஒருவர் இருக்க வேண்டும் என்று கோருங்கள். மேல்முறையீட்டுக்கு வழி கேளுங்கள். விசாரணைக்கு முன்பே அனுமதியை நிறுத்துவது, நோயாளிக்கு உடனடி ஆபத்து இருக்கும்போது சில நாள்களுக்கு மட்டுமே நியாயமாகும். இலக்கு பற்றிய மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்திகளைப் பாதுகாத்து வையுங்கள். நோயாளியை அனுப்புவதற்குத் தரகு பெறுவதும் தருவதும் 2002ஆம் ஆண்டு விதிகளில் தடை செய்யப்பட்டவை. தொழிலில் நடக்கும் நேர்மையற்ற செயல்களை அச்சமோ சார்போ இன்றி வெளிப்படுத்துவது மருத்துவரின் கடமை என்றும் அதே விதிகள் சொல்கின்றன. வழக்கறிஞர் ஒருவரின் உதவியோடு பதில் எழுதுங்கள். கோபத்தில் சமூக ஊடகத்தில் எழுத வேண்டாம்.

கேள்வி: மருத்துவரின் தவறான நடத்தை பற்றி நோயாளி எங்கே புகார் செய்வது? இழப்பீடும் அங்கேயே கிடைக்குமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டுக்கும் இடம் வேறு. தொழில் நடத்தை பற்றிய புகாரைச் சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு, மருத்துவரின் பெயர், பதிவு எண், நடந்தவற்றின் தேதி வரிசை, ஆவண நகல்கள் ஆகியவற்றோடு அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்குள் முடிவு காண வேண்டும் என்பது விதி. கவுன்சில் எச்சரிக்கலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். இழப்பீடு தர அதற்கு அதிகாரம் இல்லை. இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுக்குள் அணுக வேண்டும். கட்டணம் பெற்றுத் தரப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றத்தில் முடிவான விஷயம். மருத்துவமனையின் பதிவு, வசதிக் குறைபாடு பற்றிய புகார் என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம். மாநில மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மருத்துவமனைகளைப் பதிவு செய்வது அந்த அலுவலகமே.

எங்கே போவதானாலும் முதலில் கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்கத்தான் விதி கட்டாயப்படுத்துகிறது என்பதால், தாமதிக்காமல் இந்த வாரமே அந்த விண்ணப்பத்தைக் கொடுத்து, அதன் நகலில் மருத்துவமனையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.